முதல் கடிதத்துக்கு எழுதிய பதில்

என் வலைத்தளத்துக்கு வந்த முதல் கடிதத்துக்கு இருபது நிமிடத்தில் பதில் எழுதினேன். அந்தப் பதிலில் ஓர் ஊரின் பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு ஜீப்பின் பெயர் இருந்தது. அதையும் சொல்லப்போவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில், மலையடிவாரத்தில் ஏதோ ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டினேன். வருசநாட்டில் இலவங்காய் பறித்தேன். லாரியில் கிளீனராகப் போனேன். கோட்டயத்தில் ஓர் ஓட்டலில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். வேலை இருந்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கை. அதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியாகப் போனது மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்கு. ஆறேழு மாதம் ஓடியது. பிறகு ஒரு நாள் மிளகுக் கொடியில் சார்த்திய ஏணி வழுக்கி விழுந்தேன். இடது காலில் கம்பி வைத்தார்கள். நான்கு மாதம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள்.

படுக்க இடம் கொடுத்தது கெங்குவார்பட்டியில் இருக்கும் அக்கா. இந்த ஊர்ப் பெயரை அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "ஊரப் போட்டுக்க. தெருவப் போட்டேன்னு வையி, மிச்சமிருக்க காலயும் நான் ஒடிச்சிருவேன்" என்றாள்.

படுத்தே கிடப்பது எனக்கு ஆகாது. கூரையைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது. அக்கா மகள் கல்லூரியில் வாங்கிய அரசாங்க லேப்டாப் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. இரண்டு எழுத்துக் கட்டைகள் பெயர்ந்துபோயிருந்தன. அதை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, போனில் காட்டும் பாடங்களைப் பார்த்து, சொந்தமாக ஒரு வலைத்தளம் கட்டினேன். போன ஊர்கள், செய்த வேலைகள், பார்த்த மனிதர்கள். இவற்றை எழுதி வைக்க ஓர் இடம். அவ்வளவுதான் ஆசை.

"காலு ஒடிஞ்சவன் கஞ்சியக் குடிச்சிட்டுக் கெடப்பான். இவரு கடை தொறந்திருக்காரு" என்று அக்கா தெருவெல்லாம் சொன்னாள்.

முதலில் தளத்தைத் திறந்ததும் நாதஸ்வரம் ஒலிக்கும்படி வைத்திருந்தேன். நல்ல வரவேற்பாக இருக்கும் என்று நினைப்பு. மச்சான் பெரியகுளத்தில் ஒரு கேதத்துக்குப் போனவர், அங்கே பக்கத்தில் இருந்தவர்களிடம் என் மைத்துனன் என்னமோ எழுதுகிறான் என்று பெருமையாகப் போனில் திறந்து காட்டியிருக்கிறார். பிணத்துக்குப் பக்கத்தில் கெட்டிமேளம். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னார்: "மாப்ள, அதுல மொதல்ல அந்த மேளக்காரகள அனுப்பிரு. என்னைய அடிக்கவே வந்துட்டாக." அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

அந்த அடி நல்லதாகப் போயிற்று. தளத்துக்கு வருகிறவர் வீட்டுக்கு வரும் விருந்தாளி மாதிரி. அவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, காதில் கத்தக் கூடாது என்று புரிந்துகொண்டேன். அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். மலைமேல் சிக்னல் கிடைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். பாறைமேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்த ஆள் நான். அதனால் படங்களைச் சுருக்கிச் சின்னதாகப் போட்டேன். வயதானவர்கள் கண்ணாடி தேடாமல் வாசிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக வைத்தேன். குமுளியில் லாட்டரி விற்ற பார்வையில்லாத ஒருவர் போனைக் காதில் வைத்துச் செய்தி கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் மாதிரி ஒருவர் வந்தால் படத்தில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதனால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அதில் இருப்பதை ஒன்று விடாமல் எழுதி வைத்தேன். கடைசியில் கடிதம் எழுத ஒரு பெட்டியும் வைத்தேன். அதற்கு மேலே, "யார் எழுதினாலும் பதில் எழுதுவேன்" என்று போட்டேன்.

இவையெல்லாம் மரியாதை என்று நினைத்தேன். மரியாதைதான். ஆனால் எல்லாமே வாசிக்க வருகிறவர்களுக்குச் செய்த மரியாதை. நான் யாரைப் பற்றி எழுதினேனோ அவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் விடியும் முன்பே ஜீப்புகள் மலையேறும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி என்று ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு, பதினைந்து பெண்கள். கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு நாலரை வாக்கில் இறங்குவார்கள். ஒவ்வொரு ஜீப்பின் முன்கண்ணாடி மேலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். குலசாமி பெயர், ஓட்டுகிறவரின் மகள் பெயர், மாதாவின் பெயர் என்று ஏதோ ஒன்று. ஒரே ஜீப் ஒரே ஊருக்கு, ஒரே தோட்டத்துக்குத்தான் வருடக்கணக்கில் ஓடும். அந்தப் பெயரைச் சொன்னால் போதும், அது எந்த ஊர் ஜீப், எந்தத் தோட்டத்துக்குப் போகிறது, சாயங்காலம் எங்கே நிற்கும் என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எவரும் சொல்லிவிடுவார். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஜீப்தான் விலாசம்.

நான் போய்வந்த ஜீப்பில் பின்பக்கம், பலகை ஓரம் ஒரு பெண் உட்காருவார். முப்பது வயது இருக்கும். எட்டு வயதில் ஒரு மகள். அந்த ஊரில் வாடகைக்கு ஓர் அறை எடுத்து இருவரும் இருந்தார்கள். அவருடைய வலது கை முழங்கைக்குக் கீழே ஒடிந்து, கோணலாகக் கூடியிருந்தது. அந்தக் கையோடு மற்றவர்களைவிட வேகமாகக் காய் எடுப்பார். எப்படி ஒடிந்தது என்று ஒருநாள் கேட்டேன்.

"மாடு தள்ளிருச்சுண்ணே" என்றார்.

"வீட்ல மாடு இருந்துச்சா?"

"இருந்துச்சு." அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டார்.

நான் ஏணியிலிருந்து விழுவதற்குப் பத்து நாள் முன்னால், இறங்கும் வழியில் கடைசி வளைவில் டயர் பஞ்சரானது. சும்மா நிற்கிற நேரத்தில் போனை எடுத்தேன். "எல்லாரையும் ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்றேன்.

"எடுய்யா, என்னையப் பொண்ணு பாக்க வாரவகளுக்குக் காட்டலாம்" என்றார் ஒரு மூத்த பெண்.

"யாத்தே, பேரன் எடுத்தவள யாருடி பொண்ணு பாக்க வாரா?" என்றார் இன்னொருவர். ஜீப்பே சிரித்தது.

பலகை ஓரத்துப் பெண் மட்டும் துண்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். கூச்சம் என்று நினைத்தேன்.

அந்தப் படத்தைத்தான் என் தளத்தில் முதல் கட்டுரையோடு போட்டேன். முகம் தெரியக் கூடாது என்கிற அளவுக்கு அறிவு இருந்தது. ஒவ்வொரு முகத்தையும் தேய்த்து மறைத்தேன். படத்தைச் சுருக்கியதில் ஜீப்பின் பெயர் படிக்க முடியாமல் போயிருந்தது. ஆனால் பார்வையில்லாதவருக்காகக் கீழே எழுதிய வரியில் அந்தப் பெயரை எழுத்து எழுத்தாக எழுதியிருந்தேன். கட்டுரையின் நடுவில், கோணல் கையோடு மற்றவர்களை முந்தும் அந்தப் பெண்ணைப் பற்றி நான்கு வரி. அவ்வளவு நல்ல வரிகளை நான் அதற்கு முன் எழுதியதில்லை. பலமுறை வாசித்து வாசித்து மகிழ்ந்தேன்.

ஒரு திங்கட்கிழமை கடிதப் பெட்டியில் ஒன்று விழுந்தது.

"அண்ணே, கட்டுரை சூப்பர். நாங்களும் தோட்டத்துக்குப் போறவகதான், போடிப் பக்கம். இந்த ஜீப் எந்த ஊர்ல நிக்கும்? போட்டோ எங்கன எடுத்தது?"

என் எழுத்தைப் படித்து ஒரு மனிதன் இரண்டு வரி எழுதிவிட்டான். தளத்தில் வேறு வாக்குக் கொடுத்திருக்கிறேனே, யார் எழுதினாலும் பதில் எழுதுவேன் என்று. ஊர்ப் பெயர், ஜீப் நிற்கும் இடம், இறங்கும் நேரம், எல்லாவற்றையும் எழுதினேன். "அங்கே போனால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்" என்றும் சேர்த்தேன்.

வியாழக்கிழமை காலையில் அடுத்தது. முந்தின இரவு அனுப்பியிருந்தார்கள்.

"ரொம்ப நன்றிண்ணே. அந்தக் கை கோணலா இருக்கது எங்க அண்ணன் சம்சாரம். பிள்ளையத் தூக்கிட்டு ஓடி ரெண்டு வருசமாச்சு. தேடாத எடம் இல்ல. நாளைக்குப் போயி நாங்க பாத்துக்கிறோம்."

நாளைக்கு என்றால் அன்றைக்கு. திரும்பப் படித்தேன். பாத்துக்கிறோம் என்கிற சொல்லில் கண் நின்றுவிட்டது. துண்டை இழுத்துக்கொண்டு அவர் திரும்பியது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாடு தள்ளிய கையும் விளங்கியது.

ஜீப் ஓட்டுகிறவர் எனக்குப் பழக்கம். போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மணி பதினொன்று, எல்லோரும் தோட்டத்துக்குள் இருப்பார்கள். அங்கே சிக்னல் கிடையாது. தோட்டத்து மேஸ்திரி எண்ணுக்குப் போட்டேன். அதுவும் கிடைக்கவில்லை. அவசரத்தில் லேப்டாப்பில் கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாகப் போட்டேன். ஒருவழியாகப் பக்கத்தை அழித்தேன். சரியாக அழிந்ததா என்று பார்க்க அக்காவின் போனை வாங்கித் திறந்தேன். படம் அப்படியே இருந்தது. மறுபடி திறந்தேன். இருந்தது. நான் அழித்தாலும், ஏற்கெனவே பார்த்த போனில் அது தங்கியிருக்கும் என்று எந்தப் பாடத்திலும் நான் கவனித்திருக்கவில்லை.

"என்னடா இப்படி வேர்க்குது?" என்றாள் அக்கா.

சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஊன்றுகோலை எடுத்துக் கையில் கொடுத்தாள். "போலீசுல சொல்லிப் பாப்பமா?" என்றாள். என்ன சொல்வது? பெண்டாட்டியைப் புருசன் வீட்டார் தேடுகிறார்கள் என்றால், நல்லதுதானே என்பார்கள். அந்தப் பெண் எங்கே இருக்கிறார் என்று இன்னும் நாலு பேருக்குத் தெரியும். அவ்வளவுதான் நடக்கும். பஸ் ஏறினேன்.

பெரியகுளம், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம். அந்தச் சாலையில் எத்தனையோ முறை காசில்லாமல் போயிருக்கிறேன், பசியோடு போயிருக்கிறேன். பயந்துகொண்டு போனதில்லை. ஜன்னல் பக்கம் எந்த பைக் முந்தினாலும் அதில் இரண்டு ஆண்கள் இருக்கிறார்களா என்று பார்த்தேன். எல்லா பைக்கிலும் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டுகிறவருக்குப் போன் போட்டேன். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா பொறுக்க மாட்டாமல் கேட்டார்: "என்னப்பா, ஆசுபத்திரியில பொண்டாட்டிக்கு வலி எடுத்திருச்சா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இறங்கும்வரை அவர் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த ஊரில் இறங்கும்போது மூன்றரை. ஜீப்புகள் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே இரண்டு பேர் நின்றிருந்தார்கள்; ஒருவன் முப்பதுக்குள், இன்னொருவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். பைக்கை மலைச்சாலையைப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். இளையவன் கையில் போன். நான் அவனைத் தாண்டிக் கடைக்குள் போகும்போது போனில் பார்த்தேன். பெரிய எழுத்து. வயதானவர்கள் கண்ணாடி தேட வேண்டாம் என்று நான் வைத்த பெரிய எழுத்து. நாலடி தள்ளியிருந்தும் அது என் தளம் என்று தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன்.

என்னை அவர்களுக்குத் தெரியவில்லை. தளத்தில் என் படம் கிடையாது. ஊர் ஊராகத் திரிகிறவன் முகத்தைப் போட்டால் வம்பு என்று, என் முகத்தை மட்டும் யோசித்து விட்டுவிட்டிருந்தேன்.

இளையவன் ஜீப்பின் பெயரைச் சொல்லி, "எப்பண்ணே எறங்கும்?" என்று என்னிடமே கேட்டான்.

"அது இப்ப ஓடலயே தம்பி. இஞ்சின் போயி ஒர்க்ஷாப்புல கெடக்கு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு என்னை ஆறேழு மாதமாகத் தெரியும். அன்று காலையில் அந்த ஜீப் போனதும் தெரியும். என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், மறுபடி ஆற்றத் தொடங்கினார்.

மூத்தவர் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "எதுக்கும் நிப்போம். வேற ஜீப்புல வந்தாலும் இங்கனதான எறங்கணும்."

அவர் சத்தம் போடவில்லை. கோபமாகக்கூட இல்லை. மாட்டைச் சந்தையில் பார்க்க வந்தவர் மாதிரி நின்றார்.

சிறுநீர் கழிக்கப் போவதுபோல எழுந்து, கடைக்குப் பின்னால் போய், அங்கிருந்து மலைச்சாலையில் ஏறினேன். ஊன்றுகோலோடு அரை மைல் இருக்கும். கம்பி வைத்த இடத்தில் ஆணி அடிப்பதுபோல் வலித்தது. ஊர் மறையும் வளைவு வரை போய்ச் சாலை நடுவில் நின்றேன். முதல் ஜீப் அதுவல்ல. ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். இரண்டாவதும் அதுவல்ல. மூன்றாவது வந்தது.

"யோவ் பங்காளி, சாகுறதுக்கு ஏன்யா என் வண்டியப் பாத்து வந்த?" என்றார் ஓட்டுகிறவர்.

பின்பக்கம் போனேன். பலகை ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. "தாயி, ஒங்க வீட்டுக்காரரோட தம்பி கீழ நிக்கிறான். கூட இன்னொருத்தரு. நாந்தான் எடத்தச் சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.

அவர் கத்தவில்லை, அழவில்லை. கூட நிற்பவர் எப்படி இருப்பார் என்று கேட்டார். சொன்னேன். "அவருதான்" என்றார். அவருடைய புருசன். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் நின்று டீ குடித்தவர் அவர்தான்.

அடுத்து அவர் சொன்ன வார்த்தையில்தான் என் உயிர் போயிற்று. "பள்ளிக்கூடம் விட்டு எம்மக நேரா ஜீப்பு நிக்கிற எடத்துக்குத்தான் வருவா. நாலேகாலுக்கு மணி அடிச்சிருவாக."

மணி நாலே பத்து.

பேரன் எடுத்த அந்த மூத்த பெண்தான் முதலில் அசைந்தார். "நீ எறங்குத்தா. இங்கன திராட்சத் தோட்டத்துக்குள்ள போயி உக்காரு. பிள்ளைய நான் கூட்டியாரேன்" என்றார். பிறகு ஓட்டுகிறவரிடம், "நீ அங்கன நிக்காத. பள்ளிக்கூடத்து வாசலுக்கு விடு" என்றார். இன்னொரு பெண் அந்தப் பலகை ஓரத்து இடத்துக்கு நகர்ந்து, துண்டை மூக்குவரை இழுத்துக்கொண்டார். ஜீப் நகரும்போது மூத்த பெண் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு காலு ஒடிஞ்சும் ஒனக்கு ஊரு மேயிறது நிக்கலயே. இப்ப என்னத்துக்குய்யா எங்களப் பத்தி எழுதுன?"

அவர்கள் போனதும் நாங்கள் இருவரும் சாலையை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் போனோம். திராட்சைப் பந்தலுக்கு அடியில் நிமிர்ந்து நிற்க முடியாது; குனிந்தே போய், சாலை தெரியாத இடத்தில் உட்கார்ந்தோம். மருந்து அடித்த வாடை இருந்தது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அவர் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பைக் ஏறி வரும் சத்தம் கேட்டது. வளைவில் மெதுவானது. இருவரும் மூச்சை அடக்கினோம். பைக் மேலே போய்விட்டது. யாருடையது என்று தெரியாது.

சும்மா இருக்க முடியாமல் நான் சொன்னேன்: "மொகத்தையெல்லாம் மறச்சுத்தான் தாயி போட்டேன். எடுக்கும்போதும் கேட்டேனே, போட்டோ எடுத்துக்கவான்னு."

"ஜீப்பக் கேட்டீக. என்னையக் கேக்கலயேண்ணே" என்றார்.

கோபம் இல்லாமல்தான் சொன்னார்.

"எல்லாரும் சிரிக்கிறப்ப நான் மட்டும் வேணாமுன்னா, ஏன் என்னன்னு கேப்பாக. அதான் திரும்பிக்கிட்டேன். அது ஒங்களுக்கு வெளங்கும்னு நெனச்சேன்."

ஐந்து மணி தாண்டி அந்த மூத்த பெண் வந்தார். கூடவே சிறுமி, தலையில் ஒரு துண்டு, புத்தகப் பையை அந்த அம்மா தோளில் போட்டிருந்தார். பள்ளிக்கூடத்து வாசலிலேயே ஏற்றிவிட்டார்களாம். ஆனால் அங்கிருந்து மலைச்சாலைக்குத் திரும்ப வேறு வழி கிடையாது. டீக்கடையைத் தாண்டித்தான் வந்தார்களாம். "இந்தச் சின்னக் குட்டிய மடியில கெடத்தி மேல தூக்குவாளியா அடுக்கிட்டோம். அந்தாளு ஜீப்புக்குள்ள எட்டி எட்டிப் பாத்தாரு. 'என்னய்யா, பொம்பளையப் பாத்ததில்லயா'ன்னு ஒரு சத்தம் போட்டேன், தள்ளிப் போயிட்டாரு" என்றார். சொல்லும்போது சிரித்தார்.

மகள் அம்மாவின் மடியில் உட்கார்ந்து, "நம்ம பூனைக்குட்டிக்கு யாரும்மா பால் ஊத்துவா?" என்று கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒரு சாயங்காலம் அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவர்கள் அறைக்குத் திரும்பவில்லை. அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டுகிறவர் அவர்களை ஏற்றிப் போனார். எந்தத் திசையில் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். பாத்திரம், துணிமணி, பாதி வருடம் படித்த பள்ளிக்கூடம், அந்தப் பூனைக்குட்டி எல்லாம் அந்த ஊரில் நின்றுபோயின. அவர் இரண்டு வருடமாகக் கட்டிய வீட்டை நான் இருபது நிமிடத்தில் எழுதிக் கலைத்தேன்.

அந்தத் தளம் இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் ஒருவரைப் பற்றி எழுதினால், அவரைத் தனியாகக் கூப்பிட்டு, எழுதியதை வாசித்துக் காட்டி, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் கொடுத்துத்தான் போடுகிறேன். நாலு பேர் நடுவில் கேட்பதில்லை. வேலை செய்யும் இடம், நேரம், வண்டி இவற்றை மாற்றிவிடுகிறேன். யாராவது முகத்தைத் திருப்பினால் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுகிறேன். "யார் எழுதினாலும் பதில் எழுதுவேன்" என்கிற வரியை எடுத்துவிட்டேன்.

நீங்கள் வாசிக்கும் இந்தக் கட்டுரையை என் தளத்தில் போடவில்லை. அச்சில் மட்டும்தான். பெயரைத் தட்டித் தேடுகிறவர்கள் கையில் இது அகப்படக் கூடாது. அவர் எண் என்னிடம் இல்லை; அவராகக் கூப்பிட்ட ஒரு நாள் இதைப் போனில் முழுவதும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்தி, "அது வேணாம்ணே" என்றார். இரண்டையும் எடுத்துவிட்டேன். எதை எடுத்தேன் என்று கேட்காதீர்கள். அந்த மூத்த பெண்ணிடமும் கேட்டேன். "நான் சத்தம் போட்டத மட்டும் விட்டுறாத" என்றார்.

அந்த இளையவன் எழுதுவதை உடனே விடவில்லை. "அண்ணே, போட்டோவ ஏன் எடுத்துட்டீக?" என்று முதலில் வந்தது. பிறகு மூன்று மாதம் கழித்து, "சௌக்கியமாண்ணே? எங்க அண்ணியப் பத்தித் தகவல் இருந்தாச் சொல்லுங்க." அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை. ஒவ்வொன்றும் மரியாதையான கடிதம்தான். எதற்கும் பதில் எழுதவில்லை.

கடிதப் பெட்டியை மூடிவிடு என்கிறாள் அக்கா. மூட முடியவில்லை. அவன் கேட்டுக்கொண்டு இருக்கும்வரை அவர்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், கண்டுபிடிக்கவில்லை. போனில் கடிதம் வந்த மணி அடித்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். கடைசியாக அவன் எழுதி ஐந்து மாதம் ஆகிறது. இப்போது தினமும் காலையில் எழுந்ததும் பெட்டியைத் திறந்து, அவனுடைய கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். வந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே திறக்கிறேன்.